வந்து சேராத விமானங்கள்



மேசைமேல் ஒரு சிறு விமானம் நிற்கிறது. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ஒரு சாணுக்கும் குறைவு. மேற்புறம் கரும்பச்சையும் மண்நிறமும் கலந்த பூச்சு. இறக்கைகளின் மேல் நீலமும் சிவப்புமான வட்டங்கள். பக்கத்தில் ஓர் அட்டை. அதில், "ஹரிக்கேன் போர் விமானம், பட்டர்வொர்த், டிசம்பர் 1941" என்று எழுதியிருக்கிறது.

போர் வரலாறு தெரிந்த ஒருவர் இதைப் பார்த்தால், "பட்டர்வொர்த்தில் அன்று ஏது ஹரிக்கேன்?" என்று உடனே கேட்பார். அது சரியான கேள்விதான். அந்த மாதத்தில் மலாயா முழுவதிலும் ஒரு ஹரிக்கேன்கூட இல்லை. இல்லாத ஒன்று இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்துச் செய்த மாதிரி இது.

இத்தகைய மாதிரிகளைச் செய்வோர் பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, ஜப்பான் முதலிய நாடுகளில் பலர் உளர். ஆங்கிலத்தில் இதனை 'வாட் இஃப்' மாதிரி என்பார்கள். 'இப்படி நடந்திருந்தால்?' என்பது அதன் பொருள். நடந்த போரில் நடவாத ஒரு திருப்பத்தைக் கற்பனை செய்து, அதற்கேற்ற விமானத்தைச் செய்து, அதற்கு ஒரு கதையும் எழுதி வைப்பது இக்கலையின் வழக்கம். விமானம் பாதி, கதை பாதி.

பொழுது போகாதவர்களின் விளையாட்டுக்கும் தோட்டத்தில் பால் வெட்டிப் பிழைத்த குடும்பங்களுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் முணுமுணுப்பது நமக்குக் கேட்கிறது. சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். தொடர்பு உண்டு, அது சுகமான தொடர்பு அன்று.

முதலில் மாதிரி விமானத்தைப் பற்றி ஓரிரு சொல். முன்னாளில் இவற்றை மரத்தில்தான் செதுக்கினார்கள். பிளாஸ்டிக்கில் உதிரிப் பாகங்களாக வார்த்து, வாங்குபவரே ஒட்டிக்கொள்ளும்படி விற்கும் பழக்கம் 1936-ல் பிரிட்டனில் ஃபிராக் பெங்குவின் என்ற பெயரில் வந்த பெட்டிகளோடு தொடங்கியது எனலாம். 1953-ல் அதே நாட்டில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் பாகங்களை இரண்டு ஷில்லிங் விலைக்கு விற்றது. அதன்பின் இது பள்ளிச் சிறுவன் கைக்காசில் வாங்கக்கூடிய பொருளாயிற்று. பிற்பாடு ஜப்பானின் தாமியாவும் ஹசெகாவாவும் இத்தொழிலில் பேர்பெற்றன.

இவற்றில் அதிகம் புழங்கும் அளவு எழுபத்திரண்டில் ஒன்று. ஏன் இந்த வேடிக்கையான எண்? ஆறடி மனிதனின் உயரம் எழுபத்திரண்டு அங்குலம். அவனை எழுபத்திரண்டால் வகுத்தால் ஓர் அங்குலம். ஆக, விமானியின் உயரம் ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டால் விமானத்தின் ஒவ்வோர் உறுப்பையும் கணக்கிட்டு விடலாம். ஹரிக்கேனின் இறக்கை விரிவு நாற்பது அடி. மாதிரியில் அது ஏறத்தாழ ஆறே முக்கால் அங்குலம்.

இந்த அளவுக்குப் போரோடும் ஓர் உறவு உண்டு. 1942-ன் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மர மாதிரிகளைச் செதுக்கித் தரும்படி கேட்டது. வானில் வரும் விமானம் நண்பனுடையதா, பகைவனுடையதா என்பதை அதன் நிழலுருவத்தைக் கண்டே சொல்லப் படைவீரர்களுக்குப் பயிற்சி தேவைப்பட்டது. பிள்ளைகள் மரத்தைச் செதுக்கிக் கறுப்புச் சாயம் பூசி அனுப்பினார்கள். அவையும் எழுபத்திரண்டில் ஒன்று என்ற அளவில்தான் செய்யப்பட்டன. அதே மாதங்களில்தான் மலாயாவும் சிங்கப்பூரும் வீழ்ந்தன.

இனி நம்முடைய ஹரிக்கேனுக்கு வருவோம். அதைச் செய்தவர்கள் நாம்தாம்.

பெட்டியைத் திறந்தால் பாகங்கள் யாவும் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் காய்த்துத் தொங்குவதுபோல் இருக்கும். அவற்றைக் கத்தியால் மெல்ல வெட்டி எடுக்கவேண்டும். முறித்து எடுத்தால் இறக்கை நுனி சட்டத்தோடு போய்விடும். ஒட்டும் பசை சாதாரணக் கோந்து அன்று. அது பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு பாகத்தையும் ஒன்றாக்கிவிடும். கைரேகை பட்டால் அந்த ரேகையும் விமானத்தில் பதிந்துவிடும். ஒட்டிய இடத்தில் தெரியும் இடுக்கைப் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்துவார்கள். எஞ்சிய சட்டத்தையும் வீசிவிடத் தேவையில்லை. அதில் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் இரு கையாலும் இழுத்தால் தலைமயிர் போன்ற இழை கிடைக்கும். விமானத்தின் வானொலிக் கம்பிக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை.

சாயம் பூசும் கட்டத்தில்தான் நமக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. விமானி அமரும் இடத்துக்கு மேலே கண்ணாடிக் கூண்டு உண்டல்லவா? அதன் சட்டங்களுக்கு மட்டும் சாயம் பூசவேண்டும், கண்ணாடியில் படக்கூடாது. அதற்காகக் கண்ணாடியின்மேல் ஒரு திரவத்தைத் தடவிக் காயவிடுவார்கள். சாயம் பூசி முடித்தபின் அதை உரித்து எடுத்துவிடலாம். அந்தத் திரவக் குப்பியின் மூடியைத் திறந்தோம். மூக்கைத் துளைத்த வாடை நமக்குப் பழக்கமான வாடை. அம்மோனியா! உறையாமலிருக்க அம்மோனியா சேர்த்த ரப்பர் பால்தான் அது. வாளியில் பாலைச் சுமந்து கொட்டகைக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. பால் காய்ந்தபின் விரலில் ஒட்டுவதை உருட்டி உருட்டி எடுத்துப் பந்து செய்த கைகள் அல்லவா இவை?

மரத்தில் செய்ய விரும்புவோருக்கும் நம் காட்டிலேயே ஒரு மரம் உண்டு. ஜெலுத்தோங் மரத்தைத்தான் சொல்கிறோம். இதிலும் பால் வடியும். ஒரு காலத்தில் சூயிங்கம் செய்வதற்காக அந்தப் பாலை இறக்கினார்கள். மரமோ மென்மையானது, நெருக்கமான, நேரான இழை கொண்டது, கத்திக்கு முரண்டு பிடிக்காது. வார்ப்பட அச்சுகள் செய்பவர்களும் மாதிரி செய்பவர்களும் பல நாடுகளில் இதனைத் தேடி வாங்குகிறார்கள்.

கைவேலை இவ்வளவுதான். பொறுமை இருந்தால் எவரும் செய்துவிடலாம். கடினமான வேலை அந்த அட்டையில் எழுதும் கதையில் இருக்கிறது.

கதை எப்படி வேண்டுமானாலும் எழுதலாமே, கற்பனைதானே என்று நினைக்கிறோம். அப்படி எழுதியவை சுவைப்பதில்லை. இக்கலையில் தேர்ந்தவர்கள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுவார்கள். மற்றவை யாவும் உண்மையாகவே இருக்கவேண்டும். மாற்றுகிற அந்த ஒன்றும் நடந்திருக்கக்கூடியதாக இருக்கவேண்டும். கனடாவில் ஏவ்ரோ ஆரோ என்று ஒரு விமானம் 1958 மார்ச் 25-ல் முதன்முதலாகப் பறந்தது. மிக வேகமானது. 1959 பிப்ரவரி 20-ல் அரசாங்கம் அத்திட்டத்தையே கைவிட்டது. செய்து முடித்த விமானங்களையும் துண்டு துண்டாக வெட்டிப் போட்டார்கள். அந்த ஓர் அரசாங்க முடிவை மட்டும் மாற்றிவிட்டு, ஆரோ விமானத்துக்குக் கனடியப் படைப்பிரிவின் அடையாளம் இட்டு மாதிரி செய்பவர்கள் உண்டு. பார்ப்பவருக்கு அது பொய்யாகத் தோன்றாது. தவறிப்போன ஒன்றாகத் தோன்றும்.

மலாயாவுக்கு அப்படிப்பட்ட திருப்பம் எது? நாம் இரண்டை எண்ணிப் பார்த்தோம்.

ஒன்று, ஒரு கப்பல். 1941 டிசம்பர் 10-ல் குவாந்தானுக்கு அப்பால் கடலில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரு பெரும் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அவற்றுக்கு மேலே காவலாக ஒரு விமானமும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து பறந்து வந்த விமானங்கள் கண்டது கடலில் மிதந்த மனிதர்களைத்தான். ஏறக்குறைய 840 பேர் மாண்டனர். அக்கப்பல்களோடு சேர்ந்திருக்கக்கூடியது என்று பலரும் எழுதும் இண்டாமிட்டபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பல், நவம்பர் 3-ல் ஜமைக்காத் தீவின் கிங்ஸ்டன் துறைமுகத்தருகே தரைதட்டிப் பழுதுபட்டது. அது தரைதட்டாமல் இருந்திருந்தால்? நல்ல திருப்பம்தான். ஆனால் அது கடல் கதை.

மற்றொன்று ருஷ்யாவுக்குப் போன விமானங்கள். 1941 ஜூனில் ஜெர்மனி ருஷ்யாவைத் தாக்கியது. ஆகஸ்டு மாதம் முதல் பிரிட்டன் ஹரிக்கேன் விமானங்களைக் கப்பலேற்றி வடகடல் வழியாக ருஷ்யாவுக்கு அனுப்பலாயிற்று. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 3,000 ஹரிக்கேன்கள் ருஷ்யாவுக்குப் போயின. அதே சமயம் மலாயாவின் பாதுகாப்புக்கு 336 விமானங்கள் வேண்டும் என்று லண்டனில் இருந்த படைத் தலைவர்களே ஏற்றுக்கொண்டிருந்தனர். போர் தொடங்கிய அன்று இங்கே முன்வரிசையில் நின்றவை 158. அவற்றிலும் போர் விமானங்கள் என்றால் அமெரிக்கத் தயாரிப்பான பஃபலோக்களே. கட்டையான உடல், மந்தமான ஏற்றம். கடற்படைத் தாக்குதலுக்கு வைத்திருந்த வில்ட்பீஸ்ட் விமானங்களோ இரட்டைத் தட்டு இறக்கை கொண்ட பழங்காலத்து ஊர்திகள்.

ருஷ்யாவுக்குப் போன முதல் கப்பல்களில் ஒன்று மட்டும் திசை மாறி பினாங்குக்கு வந்திருந்தால் என்று நாம் வைத்துக்கொண்டோம். நாற்பது ஹரிக்கேன்கள். அக்டோபரில் வந்திறங்கிப் பட்டர்வொர்த்திலும் சுங்கை பட்டாணியிலும் நின்றன. விமானிகளுக்குப் பயிற்சி முடிந்திருந்தது. டிசம்பர் 8 அதிகாலை ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியபோது அவை மேலெழும்பின. இதுவே நாம் எழுதிய முதல் கதை.

அடையாளங்களிலும் கவனமாக இருந்தோம். பிரிட்டிஷ் விமான வட்டங்களின் நடுவில் சிவப்புப் பொட்டு உண்டு. ஜப்பானியரின் சிவப்புச் சூரியனோடு குழம்பிவிடும் என்பதால் 1942-ல் கிழக்கு நாடுகளில் அந்தச் சிவப்பை நீக்கிவிட்டார்கள். நம் விமானமோ 1941 டிசம்பருக்கு உரியது. ஆகவே சிவப்பு இருந்தாக வேண்டும். மூக்கின்கீழே தூசி வடிகட்டியும் வைத்தோம். வெப்ப நாடுகளுக்கு வந்த ஹரிக்கேன்களில் அது தாடைபோல் துருத்திக்கொண்டிருக்கும். அதனால் வேகமும் சற்றுக் குறையும். அழகைக் கெடுக்கிறதே என்று அதை எடுத்துவிட ஆசைதான். எடுத்தால் பொய்.

நமக்கோ பெருமை தாங்கவில்லை. மாதிரியைப் பார்க்க வந்தவர்களில் நம் பெரியம்மா ஒருவர். ஜப்பான்காரன் காலத்தில் அவர் சிறுமி. மரவள்ளிக் கிழங்கு தின்று வளர்ந்தவர். அட்டையில் இருந்ததை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். விமானத்தைக் கையில் எடுக்கவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது அன்னிக்கு வந்திருந்தா எங்கப்பா சயாமுக்குப் போயிருக்க மாட்டாரு, இல்லையா தம்பி?" என்றார்.

நேயர்களே, அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. நாற்பது விமானங்களை வானில் ஏற்றிய நாம், அவை என்ன செய்திருக்கும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. "வீரமாகப் போரிட்டன" என்று முடித்திருந்தோம். பெரியம்மாவுக்கு அது போதாது.

மறுபடியும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். இந்த முறை வேண்டுமென்றே நமக்கு எதிராகக் கணக்குப் பார்த்தோம். மலாயாமீது ஜப்பானியர் ஏவிய விமானங்கள் 500-க்கும் மேல். அவர்களுடைய ஹயபுசா, ஜீரோ விமானங்கள் குறைந்த வேகத்தில் ஹரிக்கேனைவிடச் சட்டென்று வளைந்து திரும்பக்கூடியவை. அதைவிட முக்கியமானது ரேடார். இங்கிலாந்தில் ஹரிக்கேன் வென்றதற்கு ரேடார் ஒரு பெருங்காரணம். பகைவர் வருவதை அது முன்கூட்டியே சொல்லிவிடும், விமானம் மேலேறி உயரத்தில் காத்திருக்கும். 1941 டிசம்பரில் இயங்கிய ரேடார் நிலையங்கள் சிங்கப்பூரைச் சுற்றியே இருந்தன. கெடாவில் இல்லை. ஆக, பட்டர்வொர்த்தில் நின்ற விமானங்கள் தரையிலேயே குண்டுக்கு இரையாகும். உண்மையில் அங்கே நின்ற விமானங்களுக்கு டிசம்பர் 9-ல் அதுதான் நேர்ந்தது. ஒன்று மட்டும் மேலெழும்பிற்று. ஆர்தர் ஸ்கார்ஃப் என்ற விமானி தம் பிளென்ஹைம் விமானத்தில் தனியாகவே சிங்கோரா சென்று குண்டு வீசி, படுகாயத்தோடு அலோர் ஸ்டாரில் இறக்கிவிட்டு உயிர்நீத்தார். அவருக்கு விக்டோரியா சிலுவை என்ற விருது 1946-ல் வழங்கப்பட்டது.

ஹரிக்கேன்கள் இங்கே வராமலே போகவும் இல்லை. 1942 ஜனவரியில் 51 விமானங்கள் பெட்டிகளில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றைப் பிரித்துப் பூட்டி அம்மாதம் 20-ம் நாள் பறக்கவிட்டார்கள். முதல் நாள் பகைவர் திகைத்தது உண்மை. அடுத்த சில நாட்களிலேயே எண்ணிக்கை கரைந்துவிட்டது. முன்னே தரைதட்டிய இண்டாமிட்டபிள் கப்பலும் பழுது நீங்கி ஜனவரி இறுதியில் 48 ஹரிக்கேன்களைச் சுமந்து வந்து ஜாவா அருகே பறக்கவிட்டது. அதற்குள் எல்லாம் முடியும் நிலை. பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் சரணடைந்தது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், நம் நாற்பது விமானங்களால் நாட்டைக் காப்பாற்றியிருக்க முடியாது. சில வாரங்கள் தள்ளிப்போட்டிருக்கலாம். சில வாரம் தள்ளிப்போனால் சயாம் ரயில்பாதை நின்றுவிடுமா? பான் போங்கிலிருந்து தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குக் கடல்வழி ஆபத்தாகிவிட்டதால் தரைவழியாகச் சரக்கு அனுப்பவே 1942-ல் அதனைத் தொடங்கினார்கள்; 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. பர்மா அவர்கள் கையில் இருந்தவரை அந்தப் பாதைக்கு ஆள் வேண்டும். துரைமார் விட்டுப்போன தோட்டங்களில் வேலையும் சம்பளமும் இன்றி ஆட்கள் இருந்தார்கள். சில மாத வேலை, நல்ல கூலி என்று முதலில் ஆசை காட்டினார்கள். பிறகு பிடித்து ஏற்றினார்கள். பல பத்தாயிரம் தமிழர் மலாயாவிலிருந்து போனார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் செத்தவர் எத்தனை ஆயிரம் என்று ஒழுங்கான கணக்குக்கூட எடுக்கப்படவில்லை. படைக் கைதிகளின் பெயர்கள் பட்டியலில் இருக்கின்றன. நம்மவர் பெயர்கள் பெரும்பாலும் வீட்டு நினைவில்தான் இருக்கின்றன.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாற்று வரலாற்று மாதிரி செய்வோரிடையே 1946-ம் ஆண்டு வரை ஜெர்மனி போரை நீட்டித்திருந்தால் என்ற கற்பனைக்குத் தனி மோகம் உண்டு. ஜெர்மானியர் தாளில் வரைந்து செய்யாமல் விட்ட விசித்திரமான ஜெட் விமானங்களையெல்லாம் செய்து, அவற்றுக்கு வெற்றிகளை எழுதி வைப்பார்கள். வடிவங்கள் அழகானவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கதைகளில் விமானத்தை யார் செய்தார்கள் என்ற பேச்சே வராது. ஹைன்கல் 162 என்ற விமானம் 1944 டிசம்பர் 6-ல் முதன்முதல் பறந்தது. மூன்று மாதத்தில் வரைந்து செய்தார்கள் என்று வியந்து எழுதுவார்கள். அதன் பாகங்களை நிலத்தடிச் சுரங்கங்களில் செய்தவர்கள் சிறைமுகாம் கைதிகள். போர் 1946 வரை நீண்டிருந்தால் அவர்களும் அதுவரை அந்தச் சுரங்கத்தில் கிடந்திருப்பார்கள். நீட்டுகிறவருக்கு அது ஒரு வரி. கிடந்தவருக்கு? பிறர் செய்கிறார்களே என்று நாமும் அவ்வகை மாதிரி ஒன்றைச் செய்யத் தொடங்கியதுண்டு. பெரியம்மா கேட்டபிறகு அந்தப் பெட்டி மூடியபடியே இருக்கிறது. செய்கிறவர்களைக் குறைகூற வரவில்லை. நமக்குக் கை ஓடவில்லை.

உண்மையே சில வேளைகளில் கற்பனையைவிட விசித்திரமாக இருப்பதையும் இந்த வேலையில்தான் கண்டோம். ஒரு பிரிட்டிஷ் விமானப் படைப்பிரிவுக்கு 'மதராஸ் மாகாணம்' என்று பெயர் வைத்து மாதிரி செய்தால் யாரும் சிரிப்பார்கள். ஆனால் 234, 264 ஆகிய இரு படைப்பிரிவுகளுக்கு உண்மையாகவே அந்தப் பெயர் இருந்தது. மதராஸ் மாகாணத்திலிருந்து போர் நிதி போனதற்கு நன்றியாக வைத்த பெயர். அதுபோலவே 214-ம் பிரிவுக்கு 'ஐக்கிய மலாய் மாநிலங்கள்' என்று பெயர். மலாயா கொடுத்த பணத்தின் பேரில் அப்பெயர் வந்தது. அந்தப் பிரிவின் வெல்லிங்டன் விமானங்கள் 1941-ல் ஐரோப்பாவில் குண்டு போட்டுக்கொண்டிருந்தன. ஈயமும் ரப்பரும் விற்ற நாட்டின் பணம் அங்கே விமானமாகப் பறக்க, இங்கே கெடாவில் வானம் காலியாக இருந்தது. இதை ஒருவர் கதையாக எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறார் என்றுதான் சொல்லியிருப்போம்.

வீட்டில் பிள்ளைகள் இதைச் செய்து பார்க்க விரும்பினால் விலையுயர்ந்த பெட்டி வாங்கவேண்டும் என்பதில்லை. அட்டைப் பெட்டியும் மூங்கில் சிம்பும் போதும். ஜெலுத்தோங் துண்டு ஒன்று தச்சரிடம் கிடைத்தால் இன்னும் நல்லது. பிளாஸ்டிக் பெட்டி வாங்கினால் பசையையும் சாயத்தையும் கதவு சன்னல் திறந்த இடத்தில் வைத்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள். அந்த ஆவி தலைவலி தரும். கத்தியைப் பெரியவர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை விமானம் செய்துகொண்டிருக்கும்போது, வீட்டில் வயதானவர் இருந்தால் அவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். விமானச் சத்தம் கேட்டால் எங்கே ஓடி ஒளிந்தீர்கள், யார் வந்து சொன்னார்கள், அன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று பிள்ளை கேட்கட்டும். புத்தகத்தில் இல்லாத விவரம் அப்படித்தான் கிடைக்கும். முதியவர் இல்லாத வீட்டில் அவர் சொல்லிவிட்டுப் போனதை நினைவில் வைத்திருப்பவர் ஒருவராவது இருப்பார்.

நம் அட்டையை இப்போது மாற்றிவிட்டோம். முன்பக்கத்தில் கற்பனை. நாற்பது ஹரிக்கேன்கள் வந்தன. முதல் இரண்டு நாளில் பதினாறு தரையிலேயே எரிந்தன. மிஞ்சியவை ஓடுபாதைக் குழிகளை இரவில் கூலியாட்கள் மண் போட்டு அடைக்க, விடியலில் மேலெழும்பிக் கிறிஸ்துமஸ் வரை தாக்குப்பிடித்தன. கடைசி விமானம் எரிபொருள் தீர்ந்து ஈப்போ அருகே ஒரு வயலில் இறங்கியது. அந்தக் கடைசி விமானம்தான் மேசைமேல் நிற்பது. ஆகவே அதன் அடிப்புறத்தில் சேறு பூசியிருக்கிறோம். சேற்றுக்குக் காப்பித்தூளும் கொஞ்சம் சாயமும்.

பின்பக்கத்தில் நடந்தது மட்டும். 1941 டிசம்பர் 8, கோத்தா பாரு. மலாயாவுக்கென ஏற்றுக்கொண்டவை 336 விமானங்கள், இருந்தவை 158. 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர். அதற்குக் கீழே பெரியம்மாவைக் கேட்டு எழுதியது: அவருடைய தகப்பனார் 1943-ல் தோட்டத்திலிருந்து சயாமுக்கு லாரி ஏறினார், கையில் ஒரு போர்வையும் ஒரு பித்தளைச் செம்பும் கொண்டுபோனார், திரும்பி வரவில்லை. அவர் பெயரை அங்கே எழுதியிருக்கிறோம். அட்டை சிறியது. ஆதலால் பின்பக்கத்து எழுத்தை மிகவும் பொடியாக எழுத வேண்டியதாயிற்று. பெரியம்மாவுக்கு நாம்தாம் வாசித்துக் காட்டினோம்.